செட்டாப் பெட்டிக்குள் ஒரு சந்தை: ஊடாடும் தொலைக்காட்சித் தொழிலில் யார் யாரோடு போட்டியிட்டார்கள்?

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பொருள் வாங்கலாம், கருத்துக்கணிப்பில் வாக்களிக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், ஆட்டத்தை எந்தக் கேமரா வழியாகப் பார்ப்பது என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்யலாம் என்று 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. இன்டராக்டிவ் டிவி என்று அதற்குப் பெயர். தமிழில் ஊடாடும் தொலைக்காட்சி எனலாம். அதற்கு வேண்டிய மென்பொருளையும் கருவிகளையும் விற்க மைக்ரோசாப்ட், ஓப்பன்டிவி, லிபரேட், என்டிஎஸ், கனால் பிளஸ் டெக்னாலஜீஸ் எனப் பல நிறுவனங்கள் மோதிக்கொண்டன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இவற்றில் ஒன்று தன் தொழிலை விற்றுவிட்டுக் கலைந்தது, மற்றொன்று பின்வாங்கியது, மிச்சமிருந்தவை கை மாறின.

இன்று அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, ஆகவே தோற்றது என்பது ஒரு வரி. நல்ல தொழில்நுட்பம் வைத்திருந்தவர் பிழைத்தார், மற்றவர் வீழ்ந்தார் என்பது இன்னொரு வரி. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: பார்வையாளர் கடைக்குப் போய், பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து, தனக்குப் பிடித்ததை வாங்கினார் என்ற எண்ணம். அப்படி ஒரு கடையே அன்று இருக்கவில்லை. அது இல்லாமல் போனதிலிருந்து தொடங்கினால்தான் இந்தப் போட்டி விளங்கும்.

விருந்து சாப்பிடுபவர் சமையல்காரரைத் தேர்ந்தெடுப்பதில்லை

கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். சமையல்காரரைப் பேசி முடிவு செய்பவர் பெண்ணைப் பெற்றவர் ஒருவரே. சாப்பிட்டவர்களுக்குச் சாம்பார் பிடித்திருந்தால் அந்தச் சமையல்காரருக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்பது உண்மைதான். என்றாலும் அவர் விலை பேச வேண்டியதும், பாத்திரச் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதும், 'நான் இல்லாவிட்டால் கல்யாணமே நடக்காது' என்ற அச்சத்தை ஏற்படுத்தாமல் நடந்துகொள்ள வேண்டியதும் பணம் கொடுப்பவரிடம்தான்.

ஊடாடும் தொலைக்காட்சியில் பணம் கொடுத்தவர்கள் கேபிள், செயற்கைக்கோள் சேவை நிறுவனங்கள். அமெரிக்காவில் டிசிஐ, காம்காஸ்ட், டைம் வார்னர், பிரிட்டனில் பிஸ்கைபி, பிரான்சில் கனால் பிளஸ், டிபிஎஸ். சந்தாதாரரின் வீட்டுக்குப் போகும் செட்டாப் பெட்டியை இந்த நிறுவனங்கள்தான் லட்சக்கணக்கில் வாங்கின. அதற்குள் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்பதையும் அவையே முடிவு செய்தன. பார்வையாளருக்குத் தன் பெட்டிக்குள் இருப்பது ஓப்பன்டிவியா லிபரேட்டா என்பது தெரியவும் தெரியாது. தெரிந்தாலும் மாற்ற வழியில்லை.

ஆகவே, தொழில்நுட்பம் விற்றவர்களின் வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கான வீடுகளாக இருக்கவில்லை. உலகம் முழுவதும் சேர்த்துச் சில டஜன் சேவை நிறுவனங்களே வாடிக்கையாளர்கள். ஓர் ஒப்பந்தம் கிடைத்தால் ஒரே நாளில் பல லட்சம் வீடுகள் வந்து சேரும். அதே ஒப்பந்தம் கை நழுவினால் அந்த நாட்டுச் சந்தையே பல ஆண்டுகளுக்கு மூடிவிடும்.

ஊடாடுவது என்பதில் பாதி, ஊடாடுவதுபோல் காட்டுவது

யார் எதை விற்றார்கள் என்று பார்க்குமுன் அந்தப் பொருள் எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இதில்தான் குழப்பம் அதிகம்.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி இடைவிடாமல் ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. திண்டிவனம் வண்டியைத் தேடுபவர் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. தன் ஊரின் பெயர் அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருந்து, வந்ததும் பிடித்துக்கொள்கிறார். அக்கால ஊடாடும் சேவைகளில் பெரும்பகுதி இப்படித்தான் இயங்கியது. செய்தித் தலைப்புகள், வானிலை, ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரம் போன்ற பக்கங்கள் அனைத்தும் ஒளிபரப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டன. பார்வையாளர் பொத்தானை அழுத்தியதும், அவர் கேட்ட பக்கம் மறுபடி வரும்வரை பெட்டி காத்திருந்து, வந்ததும் திரையில் காட்டியது. இந்த முறைக்குக் கேரசல், அதாவது சுழல் ஒளிபரப்பு, என்று பெயர். ஊடாடும் சேவைக்குள் போக ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் சில விநாடிகள் திரையை வெறித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். பிபிசி 1974இல் தொடங்கிய சீஃபாக்ஸ் எழுத்துச் சேவையிலும் இதே தத்துவம்தான் இருந்தது.

2001 விம்பிள்டன் போட்டியின்போது பிபிசி தந்த வசதியும் அத்தகையதே. எந்த ஆடுகளத்தின் ஆட்டத்தைப் பார்ப்பது என்று பார்வையாளரே தேர்ந்தெடுக்க முடிந்தது. உண்மையில் எல்லா ஆட்டங்களும் ஏற்கெனவே வானில் வந்துகொண்டிருந்தன. பெட்டி அவற்றில் ஒன்றுக்கு அலைவரிசையை மாற்றிக்கொண்டது, அவ்வளவே.

வாக்களிப்பது, பொருள் வாங்குவது போன்றவற்றுக்கு வீட்டிலிருந்து தகவல் வெளியே போயாக வேண்டும். அப்படிப் போகும் வழியைத் திரும்பு பாதை என்பார்கள். செயற்கைக்கோள் சேவையில் பெட்டியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து அந்த வழியை அமைத்தார்கள். கேபிளில் ஒளிபரப்பு வரும் கம்பி வழியாகவே தகவல் திரும்ப முடியும். ஆனால் அதற்குத் தெருத்தெருவாக வலையமைப்பைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சேவை நிறுவனங்கள், பார்வையாளருக்கு ஊடாடலாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை ஒருவழி ஒளிபரப்பை வைத்துக் காட்டிய வித்தை, உண்மையான இருவழித் தொடர்புக்குச் செலவு அதிகம்.

பெட்டிக்குள் யார் யார் இருந்தார்கள்

ஒரு செட்டாப் பெட்டியை ஒரே நிறுவனத்தின் பொருள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அதற்குள் பல வியாபாரிகள் அடுக்கடுக்காகக் குடியிருந்தார்கள். ஊடாடும் தொலைக்காட்சிப் போட்டி என்று பொதுவாகச் சொல்லப்படுவது, இந்த அடுக்குகள் ஒவ்வொன்றிலும் நடந்த தனித்தனிப் போட்டிகளும், ஓர் அடுக்கில் இருந்தவர் அடுத்த அடுக்கைக் கைப்பற்ற முயன்றதும் சேர்ந்ததே.

முதலாவது, பெட்டி என்ற கருவி. அமெரிக்கக் கேபிள் உலகில் இது ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட், சயன்டிபிக் அட்லாண்டா என்ற இரண்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. பின்னர் 2000இல் முன்னதை மோட்டோரோலாவும், 2006இல் பின்னதைச் சிஸ்கோவும் வாங்கின.

இரண்டாவது, பூட்டு. சந்தா கட்டியவர் மட்டுமே அலைவரிசையைப் பார்க்கும்படி ஒளிபரப்பைக் குழப்பி அனுப்பி, பணம் கட்டியவரின் பெட்டியில் மட்டும் அதைத் தெளிவாக்கும் ஏற்பாட்டுக்குக் கண்டிஷனல் அக்சஸ் என்று பெயர். இந்தக் கட்டுரையில் பூட்டு என்றே சொல்கிறேன். பெட்டியில் செருகும் சிறிய அட்டைதான் பலர் அறிந்த சாவி. நம் ஊரில் டிடிஎச் நிறுவனத்தை மாற்றுபவர்கள் பழைய பெட்டியைப் பரணில் போட நேர்வதற்கும் இந்தப் பூட்டு ஒரு முக்கியக் காரணம். என்டிஎஸ், நாக்ராவிஷன், இர்டெட்டோ, வயாக்சஸ் ஆகியவை இந்த அடுக்கின் வியாபாரிகள்.

மூன்றாவதுதான் ஊடாடும் தொலைக்காட்சியின் மையம்: மிடில்வேர் எனப்படும் இடைநிலை மென்பொருள். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி செய்யும் வேலையை நினைத்துக்கொள்ளலாம். பொறியாளர் வரைபடத்தைக் கொடுக்கிறார். கொத்தனாரிடமும் கம்பி கட்டுபவரிடமும் சித்தாளிடமும் அவரவருக்குப் புரியும்படி சொல்லி வேலை வாங்குபவர் மேஸ்திரி. கொத்தனார் மாறினாலும் பொறியாளர் வரைபடத்தைத் திருத்த வேண்டியதில்லை. அதேபோல், கடை, விளையாட்டு, வாக்கெடுப்பு போன்ற செயலிகளை எழுதுபவர் எந்தப் பெட்டியில் எந்தச் சில்லு இருக்கிறது என்று கவலைப்படாமல் எழுதுவதற்கும், அது எல்லாப் பெட்டிகளிலும் ஓடுவதற்கும் இடைநிலை மென்பொருள் வழி செய்கிறது. ஓப்பன்டிவி, லிபரேட், மைக்ரோசாப்ட் டிவி, கனால் பிளஸின் மீடியாஹைவே ஆகியவை இந்த அடுக்கில் போட்டியிட்டன.

வேலையின் நடுவில் மேஸ்திரியை மாற்றுவது எவ்வளவு சங்கடம் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். ஓப்பன்டிவிக்காக எழுதிய செயலி லிபரேட்டில் ஓடாது. ஆகவே முதலில் உள்ளே நுழைந்தவருக்கு அனுகூலம் மிக அதிகம்; அதே காரணத்தால், உள்ளே விடும்முன் சேவை நிறுவனங்கள் மிகவும் யோசித்தன.

நான்காவதாக நிகழ்ச்சிப் பட்டியல் காட்டும் திரை வழிகாட்டியும் ஒரு தனி வியாபாரம். அமெரிக்காவில் ஜெம்ஸ்டார் நிறுவனம் அது தொடர்பான காப்புரிமைகளை வைத்துக்கொண்டு பெட்டி தயாரிப்பாளர்கள்மீது வழக்குமேல் வழக்காகத் தொடுத்தது. அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

மலிவான பெட்டி என்ற கடுமையான நிபந்தனை

டைம் வார்னர் 1994 டிசம்பரில் புளோரிடாவின் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 'ஃபுல் சர்வீஸ் நெட்வொர்க்' என்ற சோதனையைத் தொடங்கியது. விரும்பிய நேரத்தில் திரைப்படம், வீட்டிலிருந்தே கடை, விளையாட்டு என எல்லாம் அதில் இருந்தன. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகள் பின்னால் நின்றன. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் பல ஆயிரம் டாலர் ஆனது. 1997இல் அதை மூடிவிட்டார்கள். தொழில்நுட்பம் வேலை செய்தது. கணக்குத்தான் வேலை செய்யவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு சேவை நிறுவனங்கள் தேடியது ஏறக்குறைய 300 டாலரில் முடியும் பெட்டியை. 50 லட்சம் பெட்டி வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு பெட்டியில் 10 டாலர் கூடினால் 5 கோடி டாலர் கூடுதல் செலவு. ஆகவே அமெரிக்காவில் அதிகம் பரவிய பெட்டிகளில் சில மெகாபைட் நினைவகமே இருந்தது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதை நிரப்பிவிடும். வாங்கிய பெட்டியை உடனே மாற்றவும் மாட்டார்கள். பல ஆண்டுகள் உழைத்தாக வேண்டும்.

இந்த நிபந்தனை வியாபாரிகளைத் தானாகவே இரண்டு வகையாகப் பிரித்தது. குறைந்த நினைவகத்தில் ஓடும் எளிய மென்பொருளை விற்றவர்கள் ஒரு பக்கம். நாளைக்கு வரப்போகும் வலிமையான பெட்டியை நம்பி, கணினி உலகிலிருந்து கனமான மென்பொருளைக் கொண்டுவந்தவர்கள் மறுபக்கம். நாளைக்கு வர வேண்டிய பெட்டி வந்துசேரத் தாமதமாகிக்கொண்டே போனது.

மைக்ரோசாப்டும், அதைக் கண்டு அஞ்சியவர்களும்

மைக்ரோசாப்ட் 1997இல், தொலைக்காட்சித் திரையில் இணையத்தைக் காட்டிய வெப்டிவி நிறுவனத்தை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு காம்காஸ்டில் 100 கோடி டாலர் முதலீடு செய்தது. 1999இல், டிசிஐயை விலைக்கு வாங்கியிருந்த தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் 500 கோடி டாலரைக் கொட்டியது. இவ்வளவு பணம் போட்டவர் சந்தையைப் பிடித்தே தீருவார் என்றுதான் வெளியில் இருந்தவர்கள் கணித்தார்கள்.

சேவை நிறுவனங்களின் மனத்தில் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தனிக்கணினி உலகில் கணினி செய்து விற்றவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைத்த லாபம் மெலிந்தது. லாபத்தின் பெரும்பகுதி இயக்குதள மென்பொருள் வைத்திருந்த மைக்ரோசாப்டுக்குப் போனது. செட்டாப் பெட்டியிலும் அதே நிலை வந்தால், கம்பி இழுத்தவரும் பெட்டிக்குப் பணம் கொடுத்தவரும் நாளைக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் குத்தகைக்காரர்களாகிவிடுவார்கள்.

டிசிஐயின் தலைவர் ஜான் மலோன் இதற்குக் கண்டுபிடித்த வழி, இந்தத் துறையை விளக்க எனக்குத் தெரிந்தவரை மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1998 ஜனவரியில் டிசிஐ தன் புதிய பெட்டிகளுக்கு மைக்ரோசாப்டின் விண்டோஸ் சிஇ மென்பொருளை 50 லட்சம் பெட்டி அளவுக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே சமயத்திலேயே, மைக்ரோசாப்டின் பரம எதிரியான சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜாவா என்ற நிரல்மொழித் தொழில்நுட்பமும் அந்தப் பெட்டிகளில் இருக்கும் என்றும் அறிவித்தது. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டால் யாரும் வீட்டை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்பது அந்தக் கணக்கு.

லிபரேட்டின் கதையிலும் இதே தர்க்கத்தைக் காணலாம். ஆரக்கிளின் பிள்ளை நிறுவனமான நெட்வொர்க் கம்ப்யூட்டர்தான் 1999இல் லிபரேட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. காம்காஸ்ட், காக்ஸ் போன்ற கேபிள் நிறுவனங்களே அதில் பங்கு எடுத்தன. மைக்ரோசாப்டிடம் பணம் வாங்கிய கையாலேயே காம்காஸ்ட் அதன் போட்டியாளருக்கும் முதலீடு கொடுத்தது முரண்பாடுபோலத் தோன்றலாம். விற்பவர் ஒருவர் மட்டுமே மிஞ்சிவிடக் கூடாது என்று நினைக்கும் வாங்குபவருக்கு அது இயல்பான நடவடிக்கை.

மைக்ரோசாப்டின் மென்பொருள் தயாராவதில் தாமதமும் ஏற்பட்டது. அது முதலீடு செய்திருந்த ஐரோப்பிய கேபிள் நிறுவனமான யுபிசியே 2000இல் லிபரேட்டின் பக்கம் திரும்பியது. ஏடி அண்ட் டியோடு பேசிய பெரும் திட்டமும் நினைத்த அளவில் வீடுகளை எட்டவில்லை.

சுருக்கமாக: மைக்ரோசாப்ட் சந்தித்த எதிர்ப்பில் ஒரு பகுதிதான் போட்டியாளர்களிடமிருந்து வந்தது. வாடிக்கையாளர்களே அது முழுமையாக வென்றுவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

விற்பவர் யாருடைய உறவினர்?

ஐரோப்பாவில் அச்சத்தின் வடிவம் வேறு. அங்கே தொழில்நுட்பம் விற்ற சில நிறுவனங்கள், ஒளிபரப்புக் குழுமங்களின் சொந்தப் பிள்ளைகள். மீடியாஹைவே மென்பொருள் கனால் பிளஸுக்குச் சொந்தம். பூட்டு விற்ற என்டிஎஸ், ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுடையது. பிஸ்கைபியிலும் நியூஸ் கார்ப்பரேஷனுக்குப் பெரும் பங்கு இருந்தது.

எதிர்க்கடைக்காரரின் மைத்துனரிடம் யாரும் கல்லாப்பெட்டிக்குப் பூட்டு வாங்க மாட்டார்கள். பிரான்சில் கனால் பிளஸுக்குப் போட்டியாக 1996இல் வந்த டிபிஎஸ், தாம்சனும் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் சேர்ந்து தொடங்கியிருந்த ஓப்பன்டிவியை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. 1998 அக்டோபரில் டிஜிட்டல் சேவையைத் தொடங்கிய பிஸ்கைபி, பூட்டை என்டிஎஸிடம் வாங்கிக்கொண்டு இடைநிலை மென்பொருளுக்கு ஓப்பன்டிவியைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே பெட்டியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதால் ஓப்பன்டிவி பல லட்சம் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. யாருடைய உறவினராகவும் தோன்றாமல் இருப்பதே ஒரு விற்பனைச் சரக்காக இருந்த காலம் அது.

உறவு இப்படியென்றால் பகை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வழக்கு சான்று. தன் அட்டைகளின் ரகசியத்தை உடைத்து அது திருட்டு அட்டைக்காரர்களின் கைக்குப் போகும்படி செய்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, கனால் பிளஸ் 2002 மார்ச்சில் என்டிஎஸ்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. என்டிஎஸ் அதை மறுத்தது. கனால் பிளஸின் தாய் நிறுவனம் தன் இத்தாலியத் தொலைக்காட்சிச் சேவையை நியூஸ் கார்ப்பரேஷனுக்கு விற்றதையொட்டி அந்த வழக்கு முடிவுக்கு வந்தது.

பொதுத் தரம் ஏன் காப்பாற்றவில்லை

எல்லாரும் ஒரே தரத்தை ஏற்றுக்கொண்டால் இந்தச் சண்டையே தேவையில்லையே என்று தோன்றும். டிஜிட்டல் ஒளிபரப்புக்குத் தரங்களை வகுக்கும் ஐரோப்பிய டிவிபி அமைப்பு 2000இல் எம்எச்பி என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. ஜாவாவை அடிப்படையாகக் கொண்ட அதைத் தழுவி அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் ஓகேப் என்ற தரத்தை உருவாக்கியது. ஆனால் ஏற்கெனவே லட்சக்கணக்கான பெட்டிகளை வீடுகளில் வைத்திருந்தவருக்கு அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை. புதிய தரத்துக்கு அதிக நினைவகம் வேண்டும் என்பதால் மறுபடியும் 300 டாலர் கணக்கு குறுக்கே வந்தது. இத்தாலியில் 2004இல் ஊடாடும் வசதியுள்ள பெட்டி வாங்குவோருக்கு அரசே 150 யூரோ கொடுத்து எம்எச்பியைப் பரப்பப் பார்த்தது. செயற்கைக்கோள் பெட்டிகளை விலக்கிவைத்த அந்த மானியம் முறையற்ற அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2007இல் தீர்ப்பளித்தது.

மேஸ்திரி பூட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தது

2000இல் பங்குச்சந்தை சரிந்த பிறகு, சேவை நிறுவனங்கள் எதை இழந்தால் தொழிலே போய்விடும், எதை இழந்தால் சமாளிக்கலாம் என்று பார்க்கத் தொடங்கின. ஊடாடும் கடை இல்லாவிட்டாலும் சந்தா வரும். பூட்டு உடைந்தால் சந்தாவே வராது. இடைநிலை மென்பொருள் விற்றவர் பெரும்பாலும் பெட்டிக்கு இவ்வளவு என்று உரிமத் தொகை வாங்கினார். பூட்டுக்காரருக்கோ அட்டைகளை மாற்றுவது, திருட்டைக் கண்காணிப்பது எனச் சேவை நிறுவனத்தோடு நாள்தோறும் உறவு இருந்தது. என் கணிப்பில், போட்டியின் முடிவு இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது.

என்டிஎஸ் 2003இல் மீடியாஹைவேயை வாங்கியது. 2000இல் ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்தை வாங்க 200 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்திருந்த ஓப்பன்டிவி, சில கைகள் மாறி, நாக்ராவிஷனின் உரிமையாளரான சுவிட்சர்லாந்தின் குடெல்ஸ்கி குழுமத்திடம் 2007இல் வந்து, 2010இல் முழுமையாக அதற்குள் கரைந்தது. லிபரேட்டுக்குச் சார்ந்துகொள்ளப் பூட்டுக்காரர் யாரும் அமையவில்லை. 2004இல் திவால் பாதுகாப்பை நாடிய அதன் வட அமெரிக்கத் தொழிலை, மறு ஆண்டு காம்காஸ்டும் காக்ஸும் சேர்ந்து 8.2 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டன. என்டிஎஸை 2012இல் சிஸ்கோ ஏறக்குறைய 500 கோடி டாலருக்கு வாங்கியது. அதே காலகட்டத்தில் காம்காஸ்ட், பெட்டிக்கான அடிப்படை மென்பொருளைத் தானே உருவாக்கி, ஆர்டிகே என்ற பெயரில் மற்றச் சேவை நிறுவனங்களோடும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியது; மேஸ்திரியை வெளியிலிருந்து அழைத்து வருவதையே விட்டுவிட்டது.

இதற்கிடையில் இணையம் வழியாக நேரடியாக வீட்டுக்கு வந்த நெட்ஃபிளிக்ஸுக்குச் சேவை நிறுவனத்தின் பெட்டியும் தேவைப்படவில்லை, அதன் அனுமதியும் தேவைப்படவில்லை; பார்வையாளர் தானே தேர்ந்தெடுத்துத் தானே பணம் கட்டினார். ஓப்பன்டிவியிடம் அப்போது மீதமிருந்த மதிப்புள்ள சொத்துகளில் ஒன்று, அது பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த காப்புரிமைகள். 2012 டிசம்பரில் அவற்றைக் காட்டி அது நெட்ஃபிளிக்ஸ்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. வழக்கு பின்னர் உரிம ஒப்பந்தத்தில் முடிந்தது.